முதலில் நுழைந்த பூனை

பூனையைத் திருடுவதற்கு முன் பெர்மெட் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் திருடியிருக்க மாட்டாள்.

அக்டோபர் மாதக் காலை. மலையிலிருந்து இறங்கிய குளிர் கிர்கிஸ்தானின் கரகோல் நகரத்துக் கூரைகளில் வெள்ளை பூசியிருந்தது. குடியிருப்பின் முற்றத்தில் லாரி தயாராக நின்றது. அவள் புருஷன் குபாத்தின் சிநேகிதர்கள் கடைசிச் சாமான்களை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். சோபா, அலமாரி, கம்பளச் சுருள்கள், பால்கனிப் பெட்டியின் மேல் அடுக்கியிருந்தபடியே பெரிய விரிப்பில் வாரிச் சுருட்டிய மெத்தை மூட்டை. இத்தனை வருட வாடகைக் குடித்தனம் ஒரே லாரியில் அடங்கிவிட்டது.

ஊரின் மறுகோடியில் புது வீடு. சொந்த வீடு. அதற்குள் முதல் காலடி யாருடையது என்பதில் மட்டும் மாமியார் சபீரா அசையவில்லை.

"பூனைதான் முதல்ல போகணும். அப்புறம் ரொட்டி. அப்புறம்தான் நாம. பூனை இல்லாம நான் வாசப்படி தாண்ட மாட்டேன், ஆமா."

சபீரா ஆயுள் முழுக்க ருஷ்யப் பெண்களோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். கிர்கிஸ் வழக்கம் பாதி, ருஷ்ய வழக்கம் பாதி என்பதெல்லாம் அவளிடம் கிடையாது. இரண்டும் முழுசாகவே இருந்தன.

பூனைக்குப் பெர்மெட் பொறுப்பேற்றிருந்தாள். கூட வேலை பார்க்கும் ஒருத்தி தன் பூனையைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். காலையில் பார்த்தால் போனில் செய்தி: பூனையோடு ஊருக்குப் போய்விட்டாளாம், மன்னிக்க வேண்டுமாம்.

சபீரா ஏற்கெனவே புது வீட்டு வாசலில், கையில் ரொட்டியோடு காத்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து முற்றத்தில் தூஸ்யா வந்து நின்றது.

சாம்பல் நிறம், வெள்ளைக் கழுத்து. தரைத்தள வீட்டு மைராமின் பூனை. மைராம் சீன வம்சாவளித் துங்கான் இனத்துப் பெண். பஜாரில் குளிர்ந்த காரச் சேமியா விற்பவள். தனியாள். அவள் வீட்டில் குரல் கேட்டால் அது பூனையோடு பேசும் குரல்தான்.

கேட்டால் கொடுப்பாள். ஆனால் கேட்க முடியாது. போன கோடையில், பால்கனியின் உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே வந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த மெத்தைகளின் மேல் படுத்திருந்த தூஸ்யாவைப் பெர்மெட் துடைப்பத்தால் விரட்டினாள். அதோடு நிறுத்தாமல், இன்னொரு தடவை பார்த்தால் மாடியிலிருந்து தூக்கிப் போடுவேன் என்று முற்றமே கேட்கச் சத்தம் போட்டாள். அன்றைக்கே கண்ணாடியில் அட்டை வைத்து அடைத்தாள். அன்றிலிருந்து மைராம் இவளைப் பார்த்தால் பேச்சில்லை, வணக்கமில்லை.

தூக்கிப் போடுவேன் என்று சொன்ன பூனையை இரவல் கேட்க எந்த முகத்தோடு போவது?

பெர்மெட் சுற்றும் முற்றும் பார்த்தாள். ஜிப் வைத்த பெரிய பையைத் திறந்தாள். தூஸ்யா மைராம் வீட்டு ஜன்னலடியில் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாக, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் சாப்பிடுவதுபோல. இரண்டு கையாலும் அள்ளினாள். பார்வைக்கு இருந்த பருமன் கையில் இல்லை. வயிற்றுத் தோல் தொளதொளவென்று தொங்கியது. சேமியா தின்று வளர்ந்த உடம்பு என்று நினைத்தபடி ஜிப்பை இழுத்தாள்.

சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

குபாத் காரைக் கிளப்பினான். கார் முற்றத்து வளைவைத் தாண்டும்போது மைராமின் கதவு திறந்தது. கையில் இன்னொரு தட்டோடு வெளியே வந்தவள் கூப்பிட்டாள்.

"தூஸ்யா... க்ஸ் க்ஸ் க்ஸ்... தூஸ்யாம்மா..."

பெர்மெட் சட்டென்று குனிந்து செருப்புவாரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தாள். அவள் போட்டிருந்தது பூட்ஸ். அதில் வார் கிடையாது.

"போ. நிக்காத," என்றாள் குபாத்திடம்.

கூப்பிடும் குரல் தெருமுனைவரை கூடவே வந்தது.

*

தூஸ்யா புது வீட்டின் வாசற்படியை எல்லாரும் எதிர்பார்த்த கம்பீரத்தோடு தாண்டவில்லை. பையிலிருந்து தெறித்து விழுந்து, அறை அறையாக ஓடி, மறுபடி வாசலுக்கே வந்து வெளியே போகப் பார்த்தது. சபீரா கதவைச் சாத்திவிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்க்குது என்று விளக்கம் சொன்னாள்.

பின்னாலேயே லாரி வந்தது. சாமான்கள் இறங்கின. மெத்தை மூட்டையைக் கூடத்தில் வைத்ததும் தூஸ்யா ஒரே பாய்ச்சலில் அதன் மேல் ஏறியது. முகர்ந்தது. முன்கால் நகங்களால் விரிப்பை வறட்வறட்டென்று பிராண்டியது.

"பாத்தியா, எடத்தப் புடிச்சிருச்சு," என்று சபீரா பூரித்தாள். லாரி ஆட்கள் கைதட்டினார்கள். நகம் விரிப்பைக் கிழித்து உள்ளே இருந்த பட்டு உறையில் மாட்டி 'பர்ர்' என்றபோது பூரிப்பு அடங்கியது. "ஏம்மா, அந்தச் சனியன அப்பால எடு. பெரியவங்க வந்து உக்கார்ற மெத்தை அது."

பெர்மெட் எடுத்தாள். இரண்டாம் தடவையும் அது ஏறியது. மூன்றாம் தடவை அவள் கையைக் கீறிவிட்டு ஏறியது. பொறுமை போயிற்று. பூனையைத் தூக்கிக் குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு சின்னத் தட்டில் பால் வைத்தாள். பிறகு, முடி ஒட்டாமல் இருக்கட்டுமென்று, மெத்தை மூட்டையை அவளே இழுத்துக்கொண்டு போய்ப் பால்கனியில் தள்ளினாள். கதவைத் தாழிட்டாள்.

இழுத்துக்கொண்டு போனபோது மூட்டை ஒரு தடவை புரண்டது. அதை அப்போது அவள் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. எண்ணெயில் பொரிந்த போர்சோக் ரொட்டித் துண்டுகள் மேஜையெல்லாம் மலைமலையாகக் குவிந்தது. ஆட்டுக்கறி வெந்தது. குபாத்தின் பெரியப்பா அசான்பெக் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து வீட்டை வாழ்த்தினார். ஒவ்வொரு வாழ்த்துக்கு நடுவிலும் குளியலறையிலிருந்து தூஸ்யா கத்தியது.

"என்ன, வாழ்த்துக்குப் பின்பாட்டு வெச்சிருக்கீங்களா?" என்றார் பெரியப்பா. சிரித்தார்கள்.

பெர்மெட்டும் சிரித்தாள். தேநீர் ஊற்றினாள். ஆனால் காது குளியலறைக் கதவில் இருந்தது.

அவள் பிரசவ ஆஸ்பத்திரியில், பச்சைக் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். அழுகைகளைப் பிரித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. பசி அழுகை வேறு, ஈர அழுகை வேறு, வயிற்றுவலி அழுகை வேறு. இது எதிலும் சேரவில்லை. ஆனால் கேட்காத குரலும் இல்லை. எங்கே கேட்டோம்?

தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தபோது ஞாபகம் வந்தது. குழந்தைகள் பிரிவில் இல்லை. எதிர்ப்பக்கம், தாய்மார்கள் பிரிவில். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எடுத்துக்கொண்டு போகும்போது படுக்கையிலிருந்து பின்தொடரும் குரல்.

குளியலறைக் கதவைத் திறந்தாள். தட்டில் பால் வைத்தது வைத்தபடி இருந்தது. தூஸ்யா தரையோடு தரையாகக் கிடந்தது. அதைப் புரட்டினாள்.

வயிற்றில் காம்புகளைச் சுற்றி முடி உதிர்ந்து, இளஞ்சிவப்பு வட்டங்கள். தொட்டால் கல். அவள் விரல் பட்ட மாத்திரத்தில் ஒரு காம்பிலிருந்து பால் கசிந்து வெள்ளை ஓட்டில் சொட்டியது.

பெர்மெட் அப்படியே தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

தினமும் எத்தனை தாய்மாரின் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிற கை இது. காலையில் இதே கைதான் இந்த வயிற்றை அள்ளிப் பைக்குள் போட்டது. சேமியா தின்ற உடம்பாம்.

*

"குட்டி போட்டு ஒரு நாளோ ரெண்டு நாளோ இருக்கும்," என்றாள் காரில். மடியில் பை, பைக்குள் தூஸ்யா. "காலைலேர்ந்து பால் இல்லாமக் கெடக்குதுங்க."

"எங்க?"

"எங்கன்னு தெரிஞ்சா நான் ஏன் இப்படி உக்காந்திருக்கேன்? அந்த முற்றத்துல எங்கயோ. நிலவறைல இருக்கும். எடத்த இதுதான் காட்டணும்."

குபாத், அந்த அக்காவிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டான். பெர்மெட் அதையும்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் யாரும் இல்லாவிட்டால், பையைத் திறந்துவிட்டுப் பூனையின் பின்னால் போய்க் குட்டிகளைப் பார்த்துவிட்டு, அப்படியே வந்துவிடலாம். சொல்லவே வேண்டியிருக்காது.

முற்றத்தில் மைராம் இருந்தாள்.

கஞ்சி தெறித்த ஏப்ரனோடு, நிலவறையின் காற்றுத் துளைக்கு முன்னால் மண்டி போட்டு உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். பஜாருக்குப் போகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. கார் கதவுச் சத்தத்துக்குத் திரும்பினாள். பெர்மெட்டையும் பையையும் பார்த்தாள். பை கத்தியது.

பெர்மெட் தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. ஜிப்பைத் திறந்தாள்.

தூஸ்யா நிலவறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைராமின் கையையும் தாண்டி ஓடியது. நேராக மாடிப்படி. இரண்டு பெண்களும் பின்னால் ஓடினார்கள். அது ஏறிப் போய் நின்ற கதவு, பெர்மெட் காலையில் பூட்டிய கதவு.

சாவி இன்னும் அவளிடம்தான் இருந்தது. திறந்தாள்.

காலி வீடு. தூஸ்யா கூடத்தைக் கடந்து பால்கனிக்குப் பாய்ந்தது. அங்கே, பெட்டி இருந்த இடத்தில், தூசியில் ஒரு செவ்வகம் மட்டும் இருந்தது. அந்த இடத்தை முகர்ந்தது. சுற்றி வந்தது. மறுபடி முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கிப் பெர்மெட்டைப் பார்த்துக் கத்தியது.

மேலே, உடைந்த கண்ணாடியில் அவள் வைத்த அட்டை ஒரு ஓரம் நெகிழ்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மைராம்தான் முதலில் பேசினாள். கோடைக்குப் பிறகு அவளிடமிருந்து வரும் முதல் பேச்சு.

"முந்தாநேத்து வயிறு வத்திருச்சு. எங்க போட்டாளோன்னு தேடாத எடமில்ல. உன் வீட்ல இருக்கும்னு மட்டும் நெனக்கல." ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "இங்க என்ன இருந்துச்சு, நர்ஸம்மா?"

"மெத்தை," என்றாள் பெர்மெட்.

"எங்க இப்ப?"

பெர்மெட்டின் கண்ணுக்கு முன்னால் மூட்டை ஒரு தடவை புரண்டது.

*

மைராம் காரில் ஏறுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பின்சீட்டில் தூஸ்யாவை ஏப்ரனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டு என்றாள்.

பெர்மெட் மாமியாருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. விருந்து வீட்டில் போன் எங்கே கிடக்கிறதோ.

பெரிய சாலைக்கு வந்ததும் கார் நின்றுவிட்டது. எதிரே ஆடுகள். கோடை மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து இறங்கும் மந்தை, சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கம்பளி ஆறாக ஓடியது. குபாத் ஹாரன் அடித்தான். குதிரை மேல் இருந்த இடையன் திரும்பிப் பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அதே வேகத்தில் போனான்.

"ஆட்டுக்காரன்ட்ட அவசரத்தச் சொல்லி ஆகப் போறதில்ல," என்றான் குபாத்.

போன் எடுபட்டது. பின்னணியில் ஒரே சிரிப்புச் சத்தம்.

"எங்கம்மா போயிட்டீங்க ரெண்டு பேரும்? தல்கார் ஊர்லேர்ந்து சம்பந்தி வந்தாச்சு. உக்கார எடமில்ல. அந்த மெத்தை மூட்டையப் பிரிச்சு உதறிப் போடலாம்னு..."

"உதறாதீங்க அத்தை."

"என்ன?"

"கைய வெக்காதீங்க. உள்ள பூனைக்குட்டி இருக்கு. அந்தப் பூனையோட குட்டிங்க."

சத்தம் ஒவ்வொன்றாக அடங்குவது போனில் கேட்டது. சபீரா கையைக் காட்டியிருக்க வேண்டும். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அதான் அதும்மேல ஏறிச்சா அது."

"ஆமா."

"நான்தான் சனியன்னேன்," என்றாள் சபீரா. "ஆனா குளிர்ல தள்ளினது நீம்மா."

பெர்மெட் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பின்பக்கக் கண்ணாடியில் மைராமின் கண்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

பெர்மெட் போனில், மூட்டையைப் புரட்டாமல், தொட்டிலைத் தூக்குவதுபோல் இரண்டு பேராகத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். பிரிக்க வேண்டாம். பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி வைக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஆஸ்பத்திரிக் குரலாக மாறியது. அவளுக்குள்ளே ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகைக்கு இப்போது நேரமில்லை.

கடைசி ஆடு சாலையைக் கடந்தது.

*

கூடத்தில் மூட்டையைச் சுற்றி விருந்தாளிகள் எல்லாரும் நின்றிருந்தார்கள். பெரியப்பா அசான்பெக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

பெர்மெட் முடிச்சை அவிழ்த்தாள். விரிப்பு விலகியது. பட்டு மெத்தை ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று. அதன் மடிப்புக்குள் கையை விட்டாள்.

ஈரம். பிறகு, எலிக்குஞ்சு அளவில், அசைவு.

ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டின் அடியில் மூன்றாவது. மூன்றும் கண் திறக்காத முகத்தைத் தூக்கி, சத்தமே வராத வாயைத் திறந்தன. கம்பளியும் பஞ்சும் உயிரைப் பிடித்து வைத்திருந்தன. சபீரா கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

பெர்மெட் கையை எடுக்கவில்லை. இன்னும் உள்ளே துழாவினாள். தினமும் கருஞ்சிவப்புச் சிசுக்களைப் பார்ப்பவளுக்குத் தெரியும், கடைசியில் இருப்பதுதான் சின்னது. மூட்டை புரண்ட பக்கத்தில், மடிப்புக்கு வெளியே நழுவி, விரிப்போடு ஒட்டிக் கிடந்தது நாலாவது. வெள்ளைக் கழுத்து, தாயைப்போல. தொட்டால் ஜில்லென்று இருந்தது.

மைராம் மூச்சை இழுத்த சத்தம் அவள் தோளுக்குப் பின்னால் கேட்டது.

உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நெஞ்சைத் தேய்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி. வாய் ஒரு தடவை, வாய் என்றே சொல்ல முடியாத அந்தச் சின்னப் பிளவு, திறந்து மூடியது.

"பால் காய்ச்சவா? சொட்டு சொட்டா வாயில விடலாம்," என்றாள் சபீரா.

"வேணாம் அத்தை. குளுந்து கெடக்கற ஒடம்புல பால் போனா செரிக்காது, செத்துப்போயிடும். மொதல்ல சூடு."

அத்தனை விருந்தாளிகளுக்கு நடுவில் ரவிக்கையின் மேல் பட்டனைத் திறந்து குட்டியை மார்புக்கு நடுவே வைத்துக்கொண்டாள். குறைமாதக் குழந்தைகளை இப்படித்தான் தாய் நெஞ்சில் வைப்பார்கள். பனிக்கட்டித் துண்டு ஒன்று இதயத்தின் மேல் உட்கார்ந்ததுபோல் இருந்தது. பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்ற ஆண்களும் திரும்பிக்கொண்டு, திடீரென்று மலையில் அக்கறை காட்டினார்கள்.

மைராம் தூஸ்யாவை மெத்தையில் இறக்கினாள். அது மூன்று குட்டிகளையும் முரட்டுத்தனமாக நக்கிப் புரட்டிப்போட்டது. படுத்தது. குட்டிகள் முட்டி மோதிக் காம்புக்கு வந்தன. ஆனால் பால் கட்டிக் கல்லாகியிருந்த வயிற்றில் வாய் நிற்கவில்லை. ஒன்று பிடித்து, நழுவி, கீச்சென்றது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பெர்மெட் கேட்டு வாங்கினாள். ஒற்றினாள். தூஸ்யா அவளைப் பார்த்துச் சீறியது. சீறிவிட்டு விட்டுக்கொடுத்தது.

காம்பு இளகியது. ஒவ்வொன்றாகப் பிடித்தன. முன்னங்கால்கள் வயிற்றைப் பிசைய, காதுகள் விழுங்குகிற தாளத்தில் ஆட ஆரம்பித்தன.

"குடிக்குதுங்க," என்றாள் சபீரா.

"மூணு குடிக்குது," என்றாள் மைராம்.

*

விருந்தாளிகள் கலைந்தார்கள். உட்கார மெத்தை இல்லாமல் தன் கோட்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா, கிளம்பும்போது, நம்ம வம்சத்துலயே பூனைக்கு எடம் விட்ட மொத விருந்தாளி நான்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சபீரா வாசலில் நின்று முடிவைச் சொன்னாள். பிள்ளை பெற்றவளை நாற்பது நாளைக்குள் வீடு மாற்றக் கூடாது. பெண் என்ன, பூனை என்ன. ஒரு தடவை மாற்றின பாவமே போதும். இது இங்கேயேதான் இருக்கும். மெத்தையும் அதற்குத்தான்.

மைராம் தன் பூனையைப் பார்த்தாள். பிறகு, அப்படியானால் தினமும் தானும் வருவேன் என்றாள். அது வேண்டுகோள் இல்லை.

பெர்மெட்டின் நெஞ்சிலிருந்த பனிக்கட்டி கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பிராணியாக மாறியிருந்தது. எடுத்துத் தூஸ்யாவின் வயிற்றில் வைத்தாள். குட்டி முட்டித் தேடி, ஒரு காம்பைப் பிடித்துச் சப்பத் தொடங்கியது. மைராமின் முகம் முதல் தடவையாக இளகியது.

"புடிச்சிருச்சு."

பெர்மெட் சிரிக்கவில்லை. பெட்டிகளைக் கிளறி முன்பே தேடி எடுத்து வைத்திருந்த, கேக் மாவு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசைப் பக்கத்தில் இழுத்தாள். ஆஸ்பத்திரியில் தினமும் தாய்மார்களோடு நடக்கும் சண்டை இது. நாள் பூரா சப்புறானே என்பார்கள். சப்புவதும் குடிப்பதும் ஒன்றில்லை என்பாள் இவள். குடிக்கும் முன்னால் ஒரு நிறுவை, குடித்த பின்னால் ஒரு நிறுவை. குழந்தை பொய் சொல்லாது, ஆனால் பெரியவர்கள் நம்ப ஆசைப்படுவதை நம்புவார்கள். தராசுக்கு ஆசை கிடையாது.

காம்பில் விடும் முன்பே தேநீர்க் கிண்ணத்தில் குட்டியை வைத்து நிறுத்திருந்தாள். இப்போது, அது சப்பி ஓய்ந்ததும், மறுபடி வைத்தாள். அதே எண். ஒரு கிராம்கூட ஏறவில்லை. வயிறும் ஒட்டியே கிடந்தது. கிண்ணத்துக்குள் அது ஓயாமல் கீச்சிட்டது. பால் குடித்த குட்டிக்குக் கத்த நேரமிருக்காது, தூங்கும்.

"ஏன்?" என்றாள் மைராம்.

"மத்த மூணும் காலி பண்ணின காம்பு அது. இதுக்குத் தள்ளிட்டுப் போகத் தெம்பில்ல."

மற்ற மூன்றையும் எடுத்து வெந்நீர்ப் பாட்டிலின் அருகே வைத்தாள். பால் அதிகம் சுரப்பது பின்பக்கக் காம்பில். ஒரு சொட்டுப் பிதுக்கி, குட்டியின் உதட்டில் பூசி, தலைக்குப் பின்னால் ஒரு விரலை அண்டக் கொடுத்துப் பிடித்தாள். வாய் நழுவியது. மறுபடி பிடிக்க வைத்தாள். மறுபடி நழுவியது. மூன்று குட்டிகளும் கத்தின, தூஸ்யா எழப் பார்த்தது. மைராம் அதன் தலையைத் தடவித் தன் மொழியில் ஏதோ சொல்லிப் படுக்க வைத்தாள். இரண்டு பெண்களின் தலைகளும் முட்டிக்கொள்ளும் நெருக்கத்தில் இருந்தன.

குட்டியின் ஒரு காது, சாம்பல் நிற இலை நுனிபோல, மெல்ல அசைந்தது.

அப்போதுதான் மைராம் கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. பூனையைத் தடவுவதை நிறுத்தவும் இல்லை.

"காலைல முற்றத்துல நின்னு கூப்பிட்டேன். உங்க கார் அப்பத்தான் திரும்பிச்சு. நான் கூப்பிட்டது கேட்டுச்சா உனக்கு?"

நாள் முழுக்க வராதிருந்த கேள்வி வந்துவிட்டது. கேட்டவுடனே நின்றிருந்தால், மைராம், பூனை குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லியிருப்பாள். லாரி முற்றத்திலேயேதான் நின்றது; தூஸ்யாவே மூட்டையைக் காட்டியிருக்கும். மூட்டை அங்கேயே பிரிந்திருக்கும். ஒரு குட்டியும் ஒரு வேளைப் பாலையும் இழந்திருக்காது.

சமையலறை வாசலில் நின்ற குபாத் முந்திக்கொண்டான்.

"கார்ல பாட்டு ஓடிட்டிருந்துச்சுக்கா. கண்ணாடியெல்லாம் ஏத்தியிருந்தோம். வெளிச்சத்தம் எதுவும் கேக்கல."

நல்ல மனுஷன். பொய்யை ரொட்டிபோல நீட்டிக்கொண்டு நிற்கிறான். எடுத்துக்கொண்டால் போதும். யாராலும் சரிபார்க்க முடியாது. அதை நிறுக்கத் தராசில்லை.

பெர்மெட்டின் விரல் நுனியில் குட்டியின் தாடை அசைந்தது. பிடித்து, இழுத்து, விழுங்கியது. பிடித்து, இழுத்து, விழுங்கியது.

"பாட்டு ஓடல," என்றாள். "கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் குனிஞ்சேன்."

குபாத் உள்ளே போய்விட்டான்.

மைராம் நிமிரவில்லை. அவள் கை தூஸ்யாவின் காதுக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே நின்றது. திட்டுவாள் என்று பெர்மெட் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும். எழுந்து போய்விடுவாளோ என்றும் நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலையின் மேல் கடைசி வெளிச்சம் அணைந்தது. கூடத்தில் சபீரா தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

குட்டி வாயை எடுத்தது. உதட்டோரத்தில் ஒரு வெள்ளைச் சொட்டு.

மைராம் கை நீட்டித் தேநீர்க் கிண்ணத்தை எடுத்தாள். ஏப்ரன் நுனியால் அதன் உட்புறத்தைத் துடைத்தாள். தராசின் மேல் வைத்துவிட்டுப் பெர்மெட்டை நேராகப் பார்த்தாள்.

"வை," என்றாள். "ஏறியிருக்கான்னு பாக்கலாம்."

பெர்மெட் வைத்தாள். எண் தயங்கியது, அசைந்தது, நின்றது. முன்னதைவிட நாலு கிராம் கூட.

நாலு கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. குட்டி கிண்ணத்துக்குள் சுருண்டு, கத்தாமல், அப்படியே தூங்கிப்போனது.

"அடுத்த பால் எப்ப?" என்றாள் மைராம்.

"ரெண்டு மணி நேரத்துல. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் பிடிச்சுக் கொடுக்கணும்."

மைராம் ஏப்ரனைக் கழற்றினாள். மடித்தாள். எங்கே வைப்பது என்று புது வீட்டில் இடம் தேடி, கடைசியில் பெர்மெட்டின் கையில் கொடுத்தாள்.

"தேத்தண்ணி வெச்சுக் குடு. சர்க்கரை வேணாம்," என்றாள். "ஒங்கிட்ட பேசறதுக்கு இன்னும் நாளாகும். ஆனா இது தேறற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

பெர்மெட் தேநீர் வைக்கப் போனாள். தண்ணீர் கொதிக்கும்வரை, குட்டி படுத்திருந்த இடத்தில் நெஞ்சு இன்னும் ஜில்லென்றே இருந்தது. பட்டனைப் போட்டும் அது போகவில்லை.